வாறன், மூன்று துண்டு

பலாலி வீதியில் இரும்புக்கடைக்கு மேல்மாடி.
கீழே கம்பி வெட்டுகிற சத்தம்,
காதுக்குள்ளே ஆஸ்பத்திரித் தொலைபேசி.
நாலு பேர், நாலு ஹெட்போன்,
ஆறாயிரத்து இருநூறு அழைப்புகள்:
கிளினிக் எப்ப, ரிப்போட் வந்திட்டுதோ,
டொக்டர் இண்டைக்கு நிக்கிறாரோ.
ஒவ்வொரு வரிக்கும் நாங்கள் குறி இடவேண்டும்:
கேள்வி. ஒப்புதல். முறைப்பாடு. விடைபெறல்.
மௌனம் என்றால் வெட்டி எறி,
வழிகாட்டிக் குறிப்பு, ஏழாம் பக்கம்.

முதற் கிழமை மொடல்
எங்கட சனம் முழுவதையும் பக்தர்கள் என்று முடிவுகட்டியது.
நாளைக்கு வரேலுமோ? ஓம்.
வகை: வழிபாடு.
சீனி கூடிப்போச்சோ? ஓம் டொக்டர்.
வழிபாடு, தொண்ணூற்று நாலு வீத உறுதியோடு.
யூட் மேசையில் அடித்துச் சிரித்தான்.
குருநகர் மாதா கோயில் மூப்பரும்
அந்தப் பட்டியலில் இருந்தார்.

சிரிப்பு அடங்கின பிறகுதான் வேலை.
எத்தனை ஓம்?
றிஸ்லா பில் தாளின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள்.
சம்மதிக்கிற ஓம்.
அப்பிடியோ என்று இழுக்கிற ஓம்.
கேட்டுக்கொண்டிருக்கிறன், நீ சொல்லு என்கிற ஓம்.
மூச்சு முந்திக்கொண்டு வர, பின்னால் வருகிற ஓம்,
இனி என்ன செய்யிறது என்று.
ஐந்தாவதுக்குப் பெயர் கிடைக்கவில்லை.
பயப்பிடாதேங்கோ அம்மா என்றதற்கு
ஒரு பெண் இரண்டு விநாடி பொறுத்துச் சொன்னது.
கேதாரன் ஒப்புதல் என்றான். நான் இல்லை என்றேன்.
மூன்று நாள் அந்த ஒரு ஓமோடு போனது.
நாலு பேரும் ஒரே குறி இட்ட வீதம்
அறுபத்தொன்றில் ஏறாமல் நின்றது.

பிறகு, வாறன்.

மொடல் சொல்லை விழுங்குமுன் நறுக்கும்.
வருகிறேன் முழுசாக உள்ளே போகிறது.
வாறன் போகாது. வா, ற, ன்.
கதைக்கேலாது ஏழு துண்டு.
துண்டுக்குத் துண்டு காசு.
வீட்டில கதைக்கிறது போலக் கதைச்சா
பில் கூட வரும் என்றான் யூட்.

காசு கிடக்கட்டும்.
சரி தங்கச்சி, அப்ப நான் வாறன்
என்று சொல்லித் தொலைபேசியை வைக்கிறார்கள்;
மொடல் வருகை என்று பதிகிறது,
வரிசையில் கதிரை ஒதுக்குகிறது.
சோதனை ஓட்டம் முடிய, திரையில்
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள்.
எல்லாரும் போனவர்கள்.

அந்த எண்ணைப் பார்த்தபடி
ஒருவரும் கதைக்கவில்லை.
கீழே கம்பி வெட்டுகிறவனும் தேத்தண்ணிக்குப் போயிருக்கவேண்டும்.
றிஸ்லா ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள்.
தொண்ணூறில சோனகத் தெருவைவிட்டு வெளிக்கிடேக்க
வாப்பாவும் பக்கத்து வீட்டுக்கு இதைத்தான் சொன்னவராம்,
திறப்பைக் கையில குடுத்து.
அவள் பிறந்தது புத்தளத்தில்.
பிறகு எங்களைப் பார்த்து, வேலை விஷயமாகவே, கேட்டாள்:
இதுக்கு என்ன குறி போடுறது?

அன்று மாலை அட்டவணையில்
ஒரு நிரல் கூட்டினோம்: தெரியாது.
அழைப்பின் கடைசியில் வந்தால் வாறன் விடைபெறல்;
திரும்பி வருவது, தெரியாது.
மேலிடத்திலிருந்து மின்னஞ்சல்:
தெரியாது ஒரு வகை அல்ல,
துல்லியம் இரண்டு புள்ளி விழுந்துள்ளது, நீக்கவும்.
நீக்கவில்லை.
ஏழாம் பக்கத்தையும் மீறினோம்,
அந்தப் பெண்ணின் இரண்டு விநாடியை
வெட்டாமல் உள்ளே விட்டோம்.

இரவு முழுக்க, நாங்கள் ஒருநாளும் பார்க்காத ஏதோ ஊரில்
மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த இயந்திரம் படித்தது.
காலையில் அவளுடைய ஓமைக் கொடுத்துப் பார்த்தேன்.
ஒப்புதல் முப்பத்தெட்டு. கேள்வி இருபத்தொன்பது.
தெரியாது முப்பத்துமூன்று.
வழமையாகத் தொண்ணூறுக்குக் கீழே இறங்காத வாய்
முதல்தரம் தடுமாறியது.
பிழைப் பதிவில் நான் அதைச் சேர்க்கவில்லை.
கேதாரன் சேர்க்கவேணும் என்கிறான்;
அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

மின்னஞ்சலுக்கு இன்னும் பதில் போடவில்லை.
இரும்புக்கடைக் கதவு இறங்குகிற சத்தம்.
யூட் படியில் நின்று, மச்சாள், வாறன் என்றான்.
ஓம் என்றேன் திரும்பாமலே.
எத்தினையாவது? என்று கேட்டாள் றிஸ்லா,
பேனையைத் திறந்துகொண்டு.